உப்பு கடந்து போன சுவர்

வெள்ளாங்கரை உப்பளத்து லைனில், ஏழாம் வீட்டு ஆபரணத்தின் குடிதண்ணீர்க் குடம் கரிக்கத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்துப் புதன்கிழமை. முதல் மடக்கைத் துப்பிவிட்டு, நம்பிக்கையில்லாமல் இரண்டாம் மடக்கையும் குடித்துப் பார்த்துவிட்டு, அவள் வாசலுக்கு வந்து, முளைக்குச்சியில் கட்டியிருந்த தன் ஆட்டிடம், "நல்ல தண்ணில உப்பக் கொட்டுத அளவுக்குச் சில பேருக்கு மனசு கெட்டுப் போச்சு, பாத்துக்கோ" என்று ஆறாம் வீட்டுக்குக் கேட்கும்படிச் சொன்னாள். ஆறாம் வீட்டுச் செல்லக்கனிக்கு அது கேட்டது. கேட்டும் பதில் சொல்ல வழியில்லை. இரண்டு வீட்டுக்கும் எட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஆபரணம் சொல்ல வேண்டியதை ஆட்டிடம் சொல்வாள், செல்லக்கனி சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொள்வாள். அந்த எட்டு வருஷத்தில் ஆடு நாலு மாறியிருந்தது.

எங்கள் லைன் என்பது ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி நிற்கும் பத்து வீடுகள். எப்போதோ ஒரு உப்புக் கம்பெனி சிப்பிச் சுண்ணாம்பையும் கடல் மணலையும் குழைத்துக் கட்டியது. கம்பெனி போய்விட்டது, வீடும் நாங்களும் மிச்சம். பத்து வீட்டுக்கு நடுவில் ஒன்பது சுவர். அந்த ஒன்பதும் அந்தச் சித்திரையில், விரிசல் விடாமல், இடியாமல், ஒரு பொட்டுக் காரை உதிராமல், ஒரு பக்கத்தில் இருப்பதை மறுபக்கத்துக்கு விட ஆரம்பித்தன. ஆணி அடித்தால் ஆணி நின்றது, பல்லி ஊர்ந்தால் பல்லி ஊர்ந்தது, கையை வைத்து அழுத்தினால் கை சுவரிலேயே நின்றது. ஆனால் ஆறாம் வீட்டில் சுவரோரம் மரவைக் கிண்ணத்தில் இருந்த உப்பு ஏழாம் வீட்டுக் குடத்துக்குள் போய்க் கரைந்திருந்தது. நாலாம் வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீடும் தும்முவது பழைய கதை, ஆனால் நாலாம் வீட்டுக் குழம்பின் உறைப்பு ஐந்தாம் வீட்டு மோருக்குள் வந்தது புதிய கதை.

நாங்கள் பயப்படவில்லை. தண்ணி லாரி வராத நாளைப்போல, மின்சாரம் போகிற நாளைப்போல, இதுவும் சமாளிக்க வேண்டிய ஒன்று என்றுதான் எடுத்துக்கொண்டோம். ஒரு மாதத்துக்குள் அதன் குணம் பழகிவிட்டது. எதுவும் கூடுதலாக இருக்கிற பக்கத்திலிருந்து குறைவாக இருக்கிற பக்கத்துக்குப் போகும். யாரும் தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம். பொடிசாக இருப்பது போகும், பெரிசாக இருப்பது நிற்கும்: உப்பு போகும், அரிசி போகாது, சூடு போகும், அடுப்பு போகாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆனதும் ஓய்ந்துவிடும். மூன்றாம் வீட்டுத் தர்மக்கண் தினமும் சாயங்காலம் சுவரில் சாய்ந்து ஒரு டம்ளர் சாராயம் வைத்துக் குடிப்பவர். "என்னடே, தண்ணி மாதிரி இருக்கு" என்று அவர் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இரண்டாம் வீட்டில் கோழிகள் தள்ளாடின, நாலாம் வீட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பிள்ளை புத்தகத்தின் மேலேயே படுத்துத் தூங்கியது. பெண்கள் கூடிப் பேசி அவரை டம்ளரோடு கிளப்பி உடைமரத்தடியில் கொண்டு உட்கார்த்தினார்கள். அன்று முதல் அவருக்கு உடைமரம்தான்.

பெரிய சண்டை தண்ணீரால் வந்தது. லாரி வந்து எல்லாரும் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு நாளைக்குள் பாதியாகக் குறைந்தது; ஒன்பதாம் வீட்டுப் பிச்சைமணி வீட்டில் மட்டும் அண்டா வழிந்து, தரையில் கணுக்கால் அளவுக்கு நின்றது. அவர் திருடவில்லை. அவர் வீட்டில் நாற்பது மூட்டை உப்பு அடுக்கியிருந்தது. உப்பு எங்கே அதிகமோ அங்கே தண்ணீரும் போய்ச் சேருகிறது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்று லாரித் தண்ணீர் செலவானது. மூட்டைகளை வெளிக்கொட்டகைக்கு மாற்றியதும் தண்ணீர் அவரவர் குடத்திலேயே நின்றது. மனுக் கொடுத்துப் பொறியாளர் ஒருவர் வந்தார். சுவரைத் தட்டினார், முகர்ந்தார், சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார், 'சுவரில் ஓதம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

எங்களுக்கு இவ்வளவு தெரிந்ததே போதும் என்றிருந்தது. செல்லக்கனிக்குப் போதவில்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பாத்தியில் உப்பு வாருகிறவள். ஆனால் அளத்தில் அவள் பேரெடுத்தது நாக்கால். கங்காணி கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு உப்புத்தண்ணீரின் டிகிரி பார்ப்பதற்குள், அவள் ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்துச் சரியாகச் சொல்லிவிடுவாள். எதையும் தொட்டு, நக்கி, திருப்பிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. சுவர் இப்படி ஆனதும், வேலை முடிந்து வந்து கால்கூடக் கழுவாமல் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். ஒரு கிண்ணத்தில் சொட்டு நீலம் வைத்தாள். மறுநாள் மத்தியானம் ஏழாம் வீட்டு ஆடு இளநீலத் தண்ணீர் குடித்தது. சீனித் தண்ணீர் வைத்தாள். அது போனது, ஆனால் உப்பைவிட மெதுவாக. முட்டையின் வெள்ளைக்கருவை வைத்தாள். மூன்று நாள் நாறியதே தவிர, அந்தப் பக்கம் போகவில்லை. மீன் அரியும்போது விரல் வெட்டிய அன்று, சொட்டிய ரத்தத்தைக்கூட ஒரு மூடியில் பிடித்து வைத்துப் பார்த்தாள். ரத்தத்தின் சிவப்பு மூடியிலேயே இருந்தது. உப்பு மட்டும் குறைந்திருந்தது. ஒவ்வொன்றையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி கனி, இதெல்லாம் எதுக்குப் பாக்க?" என்று கட்டிலில் கிடந்தபடி ஞானதுரை கேட்பார்.

"தெரிஞ்சிக்கிடத்தான்."

"தெரிஞ்சி?"

"தெரிஞ்சா தெரியும்லா."

ஞானதுரை அவள் புருஷன். உப்பு லாரிகளில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். எழுபத்தைந்து கிலோ மூட்டையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தோளில் வாங்குவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் செத்துப்போனது. திங்களும் வியாழனும் காலை ஆறு மணி பஸ்ஸில் செல்லக்கனி அவரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாள்; நாலு மணி நேரம் அவர் ரத்தம் வெளியே வந்து ஒரு மெஷின் வழியாகச் சுற்றித் திரும்ப உள்ளே போகும்; சாயங்காலம் வெளுத்த முகத்தோடு திரும்புவார்கள். அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் பேர் ஹமீதா. மூன்று வருஷமாக ஆயிரம் பேர் கேட்காத கேள்வியைச் செல்லக்கனி ஒரு வியாழக்கிழமை கேட்டாள்.

"பாப்பா, இந்தக் குழாய்க்குள்ள என்ன இருக்கு? கெட்டத மட்டும் எப்படி எடுக்குது?"

ஹமீதாவுக்குச் சந்தோஷமாகிவிட்டது. "உள்ள முடி மாதிரி ஆயிரக்கணக்குல குழாய் இருக்குக்கா. குழாய்க்கு உள்ளே ரத்தம், வெளியே சுத்தமான தண்ணி. நடுவுல ரொம்ப மெல்லிசா ஒரு தோல். ரத்தத்துல கெட்டது அதிகம், தண்ணில இல்ல. அதனால அதுவே இந்தப் பக்கத்துலேந்து அந்தப் பக்கம் போயிரும்."

"யாரு தள்ளுதா?"

"யாரும் தள்ள வேணாம்க்கா. அதுவாப் போகும்."

"ரத்தத்து உப்பும் போயிராதா?"

ஹமீதா அவளை உற்றுப் பார்த்தாள். "நல்லாக் கேட்டீங்க. அதுக்குத்தான் அந்தத் தண்ணிலயும் அதே அளவு உப்பு போட்டிருப்போம். ரெண்டு பக்கமும் சமமா இருந்தா அது அசையாது. அப்புறம், தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னுச்சுன்னா அதுலயும் கெட்டது சேர்ந்து சமமாயிரும்."

அன்று பஸ்ஸில் வரும்போது செல்லக்கனி ஜன்னலுக்கு வெளியே உப்புப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் ஞானதுரை, உடம்பெல்லாம் ஊறுகிறது என்று சட்டையைக் கழற்றிவிட்டு ஏழாம் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிப் படுத்தார். இந்த நோய்க்காரர்களுக்கு அந்த அரிப்பு உண்டு, சொறிந்தாலும் அடங்காது. ஆனால் அரை மணியில் அடங்கியது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார். மறுநாள் ஆபரணம் ஆட்டிடம் வந்து, "வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரி இருக்கு, கஞ்சி எறங்கல, என்ன மாயமோ" என்றாள். செல்லக்கனி அதைக் கேட்டுச் சுவரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு கட்டிலைத் தரதரவென்று இழுத்து நடுவீட்டில் போட்டாள்.

"ஏட்டி, அங்க சொகமா இருந்துச்சுட்டி."

"அந்தச் சொகம் இன்னொருத்தர் வாய்ல போய் நிக்குது. வேண்டாம்" என்றாள்.

அது அதோடு முடிந்திருக்கும், ஆனால் ஐப்பசியில் புயல் வந்தது. மூன்று நாள் மழை நிற்காமல் பெய்து, டவுனுக்குப் போகிற ஒரே ரோட்டில் ஓடைப்பாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. கடல் கரைக்கு மேலே ஏறி நின்றதால் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. மழை அதன் பிறகும் விடவில்லை; செல்போன் கோபுரமும் சாய்ந்தது. அதற்கு முன்பே கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் ஓடைக்கு அந்தக் கரையில் வந்து நின்றது; கயிறு கட்டிப் பார்த்தார்கள், வெள்ளம் கயிற்றை அறுத்தது; அரை நாள் நின்றுவிட்டு ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. ஒரு திங்கள் போனது, ஒரு வியாழன் போனது. ஞானதுரையின் முகம் உப்பி, கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்து மூச்சுக்கு அலைந்தார்.

செல்லக்கனி எழுந்து தலையை முடிந்துகொண்டு, எட்டு வருஷமாக மிதிக்காத ஏழாம் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எக்கா, உங்க வீட்டுச் சுவரு வேணும்."

ஆபரணம் ஆட்டுக்குக் குழை வைத்துக்கொண்டிருந்தாள். "கேட்டியா? சுவரு வேணுமாம்" என்றாள் ஆட்டிடம். பிறகு என்ன நினைத்தாளோ, நிமிர்ந்து செல்லக்கனியின் முகத்தைப் பார்த்தாள். "எட்டு வருஷம் கழிச்சு வாயத் தொறந்து கேக்குதது சுவரா?"

செல்லக்கனி எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி மெஷினுக்குள் இருப்பதும் இப்படி ஒரு சுவர்தான் என்பதை, அந்தப் பக்கம் உப்புப் போட்ட தண்ணீரை மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்பதை, வாய் இரும்பாகும், கொஞ்சம் குமட்டும் என்பதை. எதையும் மறைக்கவில்லை.

"அவன் ஒடம்பு விஷத்த என் வீட்டுக்குள்ள எடுத்துக்கிடணும்."

"ஆமாக்கா."

"என் மகள லாரி ஏத்திவிட்டவன் ஒடம்பு விஷத்த."

இதுதான் எட்டு வருஷத்துக் கதை. ஆபரணத்துக்கு ஒரே மகள் ஜெபசெல்வி. சுயம்பு என்கிற லாரி டிரைவரோடு ஒரு மார்கழிக் காலையில் போய்விட்டாள். அந்த லாரியில் அன்று மூட்டை ஏற்றியது ஞானதுரை. அவருக்குத் தெரிந்தே இருக்கும் என்று ஆபரணம் தெருவில் நின்று கத்தினாள்; என் புருஷனுக்கு ஒன்றும் தெரியாது, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று செல்லக்கனியும் அதே தெருவில் நின்று கத்தினாள். அதன் பிறகு பேச்சில்லை. ஜெபசெல்வியிடமிருந்து ஒரு கடிதமோ போனோ வந்ததில்லை.

"தெரியுமா தெரியாதான்னு அவன் வாயால சொல்லச் சொல்லு. பொறவு சுவரப் பாப்போம்" என்றாள் ஆபரணம். சொல்லிவிட்டுத் தானே முன்னால் நடந்து ஆறாம் வீட்டுக்குள் வந்து நின்றாள்.

ஞானதுரை அவளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார், முடியவில்லை.

"ஆமா மதினி" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது. "பைய வாங்கி லாரில வச்சது நாந்தான். கெளம்பும்போது ஒரு சீட்டு குடுத்தா. இதுல நம்பர் இருக்கு சித்தப்பா, அம்மாவுக்குக் கோவம் தணிஞ்சதும் ஒரே ஒரு தடவ கூப்பிடச் சொல்லுங்க, கூப்பிட்டா வந்து கால்ல விழுந்துருவேன்னா. சட்டப்பைல வச்சேன். அன்னைக்கு ரெண்டு லோடு. சாயங்காலம் எடுத்துப் பாத்தா வேர்வைல ஊறி, எழுத்து பூரா கரைஞ்சி, சட்டைல நீலமா எறங்கிருந்துச்சு. நம்பர் இல்லாம உங்க முன்னால எப்படி வர? நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு..."

செல்லக்கனி தன் புருஷனைப் புதிதாக யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்தச் சட்டையைத் துவைத்தவள் அவள். அந்த நீலத்தைப் போக்க எலுமிச்சம்பழம் தேய்த்தது அவளுக்கு நினைவிருந்தது.

"எனக்கு இப்பத்தான் தெரியும்க்கா" என்றாள்.

"உன் மொகத்துல எழுதியிருக்கு" என்றாள் ஆபரணம். "அவ நான் கூப்பிடுவேன்னு உக்காந்திருந்திருக்கா. நான் அவ எழுதுவான்னு உக்காந்திருந்தேன்." அவள் வெளியே போனாள். ஏழாம் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

செல்லக்கனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். செய்தி ஒன்றாம் வீட்டிலிருந்து பத்தாம் வீடு வரைக்கும் போயிருந்தது. நாங்கள் அவரவர் வாசலில், மழைச் சாரலில் நின்றோம். கால் மணி நேரம் இருக்கும். ஏழாம் வீட்டுக்குள்ளிருந்து ஏதோ கனமான ஒன்றைத் தரையில் இழுக்கும் சத்தம் வந்தது. ஜெபசெல்வியின் கல்யாணச் சீருக்கென்று பேர் வெட்டி வாங்கி, எட்டு வருஷமாகச் சாக்குச் சுற்றிப் பரணில் கிடந்த பித்தளை அண்டா. அது சுவரில் மோதி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆபரணத்தின் குரல் வந்தது, ஆட்டுக்கு இல்லை, நேராக.

"ஏளா செல்லக்கனி! எவ்வளவு உப்பு போடணும்?"

செல்லக்கனி ஊசியை எடுத்துத் தன் விரலில் குத்தி, வந்த ரத்தத்தை நாக்கில் வைத்து, கண்ணை மூடி அதன் உப்பை மனசில் பிடித்துக்கொண்டு ஏழாம் வீட்டுக்கு ஓடினாள். மழைத்தண்ணீர் எல்லா வீட்டிலும் நிரம்பிக் கிடந்தது. அதைக் காய்ச்சி, உடம்புச் சூட்டுக்கு ஆறவைத்து, உப்பைப் போட்டுப் போட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, போதும் என்றாள். ஞானதுரையைச் சட்டையில்லாமல் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். கெட்டது போகும், சரி, வீக்கத்துத் தண்ணீர் எப்படிப் போகும் என்று அடுத்த கேள்வி வந்தது. உப்பை அதிகம் போட்டால் தண்ணீர் தேடி வரும், ஆனால் உப்பும் அவருக்குள் போய்விடும். அவள் நாள்காட்டித் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீனி" என்றாள். "சீனி மெதுவாத்தான் போவுது. அது இவருக்குள்ள நுழையுததுக்குள்ள தண்ணி அண்டாவுக்குப் போயிரும். ரெண்டு மணிக்கொருதரம் தண்ணிய மாத்திரணும்."

பிச்சைமணிதான் வாசலில் நின்று கேட்டார்: "ஏழாம் வீட்டோட நின்னுருமா? எட்டுக்கும் வரும், ஒம்பதுக்கும் வரும்லா?"

"வரும்" என்றாள் ஆபரணம், அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "வந்தா கொஞ்சூண்டு வாய் கசக்கும். உங்க உப்புக்கு எங்க தண்ணி பூரா வந்துச்சே, அப்ப எங்களுக்குக் கசக்கலியா?"

பிச்சைமணி தன் வீட்டுக்குப் போய் ஐந்து கிலோ சீனியைக் கொண்டுவந்து வைத்தார். ஐந்தாம் வீட்டில் மாசமாக இருந்த பெண்ணைத் தெருக்கோடியில் தனியாக இருந்த அவள் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். மற்றபடி யாரும் நகரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் சுமப்பதுதான்: விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் ஒருவர் காய்ச்ச, ஒருவர் ஆற்ற, ஒருவர் ஊற்ற, ஒருவர் பழைய தண்ணீரை மொண்டு வாய்க்காலில் கொட்ட, ஒவ்வொரு அண்டாவுக்கும் செல்லக்கனி நாக்கை வைத்துச் சரி என்று சொல்ல, பத்து வீட்டு விறகும் ஏழாம் வீட்டு அடுப்பில் எரிந்தது, பத்து வீட்டுச் சீனியும் அந்த அண்டாவில் கரைந்தது, பத்து வீட்டு வாயிலும் இரும்பு நக்கிய ருசி இருந்தது, ஏழாம் வீட்டில் அதிகமாக, ஆறிலும் எட்டிலும் கொஞ்சம் குறைவாக, ஒன்றாம் வீட்டிலும் பத்தாம் வீட்டிலும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவாக. கசப்புக்குப் புளியம்பிஞ்சைக் கடித்துக்கொண்டோம். தர்மக்கண் மூன்று நாள் குடிக்காமல் வாளி தூக்கினார். முதல் நாள் சாயங்காலமே ஞானதுரையின் மூச்சு கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் நாள் அவர் படுத்தார். மூன்றாம் நாள் கணுக்கால் எலும்பு தெரிந்தது. செல்லக்கனி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதாள்.

அவள் புருஷனோடு அந்த நாட்களில் சரியாகப் பேசவில்லை. கஞ்சி கொடுத்தாள், முதுகு துடைத்தாள், பேசவில்லை. ஆபரணம் பேசினாள். அண்டாவுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக் கேட்பாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி.

"என்ன உடுத்திருந்தா?"

"பச்ச சுடிதார் மதினி. துப்பட்டா வெள்ள."

அதோடு அன்றைக்கு முடிந்தது. மறுநாள்: "சாப்பிட்டிருந்தாளா?"

"டீக்கடைல ரெண்டு பன்னு வாங்கினா. ஒண்ண எனக்குத் தந்தா."

அதற்கும் மறுநாள்: "அழுதாளா?"

"இல்ல மதினி. சிரிக்கவும் இல்ல. லாரி திரும்புத வரைக்கும் லைனப் பாத்துக்கிட்டே இருந்தா."

ஆபரணம் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, தண்ணீர் மாற்றும் நேரம் வரும்வரை அசையாமல் இருந்தாள். எட்டாம் வீட்டுக்காரி மெதுவாக, "மன்னிச்சிட்டியா அக்கா?" என்று கேட்டதற்கு, "மன்னிக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல. செத்துப்போனா பொறவு இதெல்லாம் யாருட்ட கேக்க?" என்றாள்.

எட்டாம் நாள் மழை விட்டது. பதினோராம் நாள் ஓடையில் மண் கொட்டி வழி செய்தார்கள். முதல் பஸ்ஸில் மூன்று பேர் ஏறினார்கள்: ஞானதுரை, செல்லக்கனி, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு ஆபரணம். இன்னும் ஒரு வாரம் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்வோம் என்று நாங்கள் சொல்லத்தான் செய்தோம். ஞானதுரை ஒப்பவில்லை. "பத்து வீட்டு வாயும் எனக்காகக் கசந்தது போதும். மெஷினுக்கு வாய் கெடையாது" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஹமீதா அவர்களைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு முறை வராதவர்களை அவள் திரும்பப் பார்த்தது குறைவு. ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். ரிசல்ட் வந்ததும் ஒரு முறை படித்தாள், பேரைச் சரிபார்த்தாள், மறுபடியும் படித்தாள்.

"அக்கா, எங்கே போய் டயாலிசிஸ் பண்ணீங்க?"

"வீட்டுல."

"வெளையாடாதீங்கக்கா."

"சுவத்துல சாச்சு வச்சோம் பாப்பா. அந்தப் பக்கம் தண்ணி மாத்தினோம். சீனி எத்தன போடணும்னு மட்டும் சரியாத் தெரியல. நீ சொல்லு, எழுதிக்கிடுதேன்" என்று நாள்காட்டித் தாளை நீட்டினாள் செல்லக்கனி. ஹமீதா அதை வாங்கிப் படிக்கப் படிக்க அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து திரும்பவும் படித்தாள்.

ஆபரணம் அங்கே நிற்கவில்லை. லாரி செட்டுக்குப் போனாள். சுயம்பு என்று ஒரு டிரைவர், எட்டு வருஷத்துக்கு முன்னால் உப்பு லோடு ஓட்டினவன் என்று ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினாள். நாலாவது இடத்தில் ஒரு கிளார்க்குக்குப் பேர் நினைவிருந்தது. மங்களூர் பக்கம் போய்விட்டான் என்றார், மங்களூருக்குப் போன் போட்டார், அங்கிருந்து இன்னொரு ஊர், அங்கிருந்து ஒரு மளிகைக்கடை. கடைக்காரர் ஒரு நம்பரைச் சொன்னார். கிளார்க் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்ததை அவள் வாங்கவில்லை. முந்தானையை விலக்கி இடது கையை நீட்டி, "இதுல எழுதுங்கய்யா, அழியாத பேனாவுல" என்றாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹமீதாவின் போனிலிருந்து அழைத்தார்கள். ஆபரணம் இடது கையை நீட்டிப் பிடிக்க, செல்லக்கனி அதைப் பார்த்து எண்களை அழுத்தினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஞானதுரை குழாய்களோடு படுத்தபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். "ஹலோ" என்றது ஒரு பெண்குரல், கொஞ்சம் கனத்துப்போன, ஆனால் வேறு யாருடையதாகவும் இருக்க முடியாத குரல்.

ஆபரணம் சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தாள். எல்லாம் மறந்துபோனது.

"ஜெபா, நீ சித்தப்பாட்ட சொல்லிவிட்டது எனக்கு இப்பத்தான் வந்து சேந்துச்சுட்டி" என்றாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, ஏறி இறங்கி. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். தூரத்தில் ஒரு குழந்தை வந்து என்னவோ ஒரு பாஷையில் கேட்டது. "ஆச்சி" என்று அதற்கு மட்டும் பதில் சொன்னாள் ஜெபசெல்வி, மறுபடியும், அழுத்தி, "உன் ஆச்சி." குழந்தைக்கு அது போதவில்லை, போனைப் பிடுங்கிக்கொண்டு, நிறுத்தாமல், கேள்வி கேட்கிற மாதிரி குரலைத் தூக்கித் தூக்கி என்னென்னவோ பேச ஆரம்பித்தது. ஆபரணம் போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஜெபா, போன வாங்கிராத" என்றாள். "ஒண்ணும் வெளங்கல. ஆனாலும் அது பேசட்டும்."